பெயருக்குப் பக்கத்தில் ஊர்

அய்யா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிற இன்று, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், அய்யாவிடம் படித்து அவர் கையால் குட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் மகளின் வணக்கம்.

இந்த மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று முடிவானபோது பெரியப்பா என்னிடம், "நல்லதா நாலு பக்கம் எழுதும்மா, போதும்" என்றார்கள். நல்லதுதான் எழுதப் போகிறேன். ஆனால் அய்யா செய்த ஒரு தவற்றையும், அதில் எனக்கு இருந்த பங்கையும் எழுதாமல் நல்லதை எழுத எனக்கு வழி தெரியவில்லை. படித்து முடித்த பிறகு யாருக்காவது வருத்தம் இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம். அய்யாவை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அய்யா பிறந்தது திருப்புல்லாணிக்கு மேற்கே, கண்மாய் பெருகினால் நெல்லும் பெருகாவிட்டால் மிளகாயும் போடுகிற ஒரு சின்ன ஊரில். கண்மாய் பெரும்பாலும் பெருகாது. கூடப் பிறந்த ஐவரில் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர் அய்யா ஒருவர்தான். மற்ற நால்வரும் மிளகாய்ச் செடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்ததால்தான் தன்னால் படிக்க முடிந்தது என்று அய்யா கடைசி வரை சொல்வார்கள். பெரியப்பா முன்னால் ஒரு நாளும் அய்யா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

ஆறாம் வகுப்பில் அய்யாவைக் கொண்டுவந்து சேர்த்தது ராமநாதபுரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் அரசுப் பள்ளியில். நம் பள்ளி என்று சொல்வதை மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அய்யா அங்கேதான் படித்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு அங்கேயே கணக்கு ஆசிரியராக வந்தார்கள். ஓய்வு பெறும் வரை அங்கிருந்து நகரவில்லை. நானும் தம்பியும் அங்கேதான் படித்தோம். வீட்டிலும் அய்யா, பள்ளியிலும் ஐயா. வகுப்பில் என் பெயரைக் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று நான் சொன்னால் பக்கத்துப் பெஞ்சில் சிரிப்பார்கள்.

அய்யா சேர்ந்த காலத்தில் அது ஓர் ஓட்டுக் கொட்டகை. அதற்கு முன்பு உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த இடமாம். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும், நோட்டுப் புத்தகம் நமத்துப் போகும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. சுற்றிலும் கருவேலங்காடு. அந்தக் காட்டை வெட்டி மைதானம் ஆக்கியது மாணவர்களும் ஆசிரியர்களும்தான். முள் தைத்த தழும்பு அய்யாவின் இடது பாதத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளி ஆயிற்று, மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. அறிவியல் கூடம் வந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வந்தது. அய்யாவைக் கேட்டால் கழிப்பறையைத்தான் பள்ளியின் முதல் சாதனையாகச் சொல்வார்கள், அது வந்த பிறகுதான் எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் நிற்பது குறைந்தது என்பார்கள்.

பள்ளி வளர வளர, கரையோர ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப் போகக் கூடாது என்று அன்று மதியத்தில் மட்டும் அய்யா புதுக் கணக்குத் தொடங்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு 'ஊ' பிரிவு வரை நீண்டது. காலை வணக்கத்துக்கு வரிசை நின்றால் கடைசிப் பையன் முகம் மேடையிலிருந்து தெரியாது. இந்தப் பள்ளியில் படித்தவர்கள் இன்று மருத்துவர்களாக, கப்பல் பொறியாளர்களாக, வளைகுடா நாடுகளில் மேலாளர்களாக இருக்கிறார்கள். மாநில அளவில் கபடி ஆடிய பெண்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்குள்தான் அய்யாவின் தவறும் உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டால் முகம் நினைவுக்கு வராத அளவுக்குப் பள்ளி பெரிதாகிவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் அய்யாவிடம்தான் வரும். அய்யா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. எல்லாப் பிரிவு ஆசிரியர்களும் தந்த பட்டியல்களைச் சேர்த்து ஒரே பட்டியலாக எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் பாய் விரித்து அய்யா உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க வேண்டும், அய்யா சரிபார்க்க வேண்டும். அம்மா அடுப்படியில் நகரை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். 'அ' பிரிவு முடிந்து, 'ஆ' முடிந்து, 'இ' பிரிவுக்கு வந்தபோது நான் நிறுத்தினேன்.

"அய்யா, கா. நம்புசெல்வி மறுபடியும் வருது."

"அப்பன் பேரு?"

"காளிமுத்து."

"பிறந்த தேதி?"

"ரெண்டும் ஒரே தேதிதான் அய்யா."

அய்யா 'அ' பிரிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு நடுவில் சில பிள்ளைகளைப் பிரிவு மாற்றியிருந்தார்கள். "பிரிவு மாத்துன பிள்ளையா இருக்கும். அங்கன சேத்துட்டு இங்கன பேர எடுக்காம விட்டுருக்காக" என்று சொல்லி, சிவப்பு மைப் பேனாவை எடுத்து, அளவுகோலை வைத்து, இரண்டாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்கள். 'இ' பிரிவு ஆசிரியை அப்போது மகப்பேறு விடுப்பில் இருந்தார், கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. "நல்லவேளை பாத்த" என்று அய்யா என் தலையைத் தட்டிக் கொடுத்தார்கள். அன்று நான் வானத்தில் நடந்தேன் என்று சொன்னால் அது மிகை இல்லை. அய்யா லேசில் யாரையும் பாராட்ட மாட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நம்புநாயகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நம்புசெல்வி, நம்புராணி, நம்புராஜன் என்று பெயர் வைக்காத தெரு நம் கரையில் உண்டா? காளிமுத்து என்ற தகப்பனார் இல்லாத ஊர்தான் உண்டா? பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தொடக்கப்பள்ளியில், ஐந்து வயது நிறைகிற கணக்கில், ஒரே தேதியைப் போட்டு விடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆக, பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, தேதியும் ஒன்று. ஆனால் பிள்ளைகள் இரண்டு. 'அ' பிரிவில் இருந்தவர் திருப்புல்லாணி நம்புசெல்வி, விவசாயக் கூலி வேலை செய்த வீட்டுப் பிள்ளை. 'இ' பிரிவில் இருந்தவர் வாலிநோக்கம் நம்புசெல்வி, உப்பளத்து வேலைக்காரர் மகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். அய்யா கோடு போட்டது வாலிநோக்கத்துப் பிள்ளையின் பெயர் மேல்.

தேர்வு நுழைவுச் சீட்டுகள் வந்து, பிரிவு வாரியாகக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 'கா. நம்புசெல்வி' என்று ஒரே ஒரு சீட்டு. தலைமை ஆசிரியர் அறையில் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் திருப்புல்லாணி நம்புசெல்வி. இவர் இன்று அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை.

தலைமை ஆசிரியர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல போட்டோவும் இல்ல. ரெண்டு பிள்ளைல யாரு கொண்டு போனாலும் செல்லும். யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றாராம். திருப்புல்லாணிப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. அப்போது மற்ற நம்புசெல்வி, "கோடு எம்பேரு மேலதான சார் விழுந்துச்சு? அவளே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டதாம்.

அய்யா அன்றே மதுரையில் இருந்த தேர்வுத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். மறுநாளும் போனார்கள். யாரும் விரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது, பட்டியலில் இல்லாத பெயருக்கு எண் கொடுக்க முடியாது என்பதுதான் பதில். திரும்பி வந்த அய்யா இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில் அய்யா மைக்கை வாங்கினார்கள். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"பத்தாம் வகுப்புல படிக்கிற ஒரு பிள்ளையோட பேர நான் அடிச்சுட்டேன். அந்தப் பிள்ள இந்த வருசம் பரீட்சை எழுத முடியாது. கோடு போட்டது என் கை. வேற யாரு மேலயும் தப்பு இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட இத்தன பேரு முன்னால மன்னிப்புக் கேக்குறேன்."

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நின்ற நான் விக்கி விக்கி அழுதேன். ஒரு வாத்தியார் தன் மாணவியிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்பதை நம் பள்ளி அதற்கு முன்பு பார்த்ததில்லை. பின்பும் பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அய்யா, ரெண்டு தடவ வருதுன்னு சொன்னது நான்தான?" என்றேன். அய்யா சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நீ வாசிச்ச. வாசிக்கச் சொன்னது நான். போயிச் சாப்புடு" என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அம்மாவையும் என்னையும் தவிர இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வாலிநோக்கம் நம்புசெல்வி அன்று மதியமே தகரப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அய்யா ஏர்வாடி வழியாகப் போகும் பேருந்தில் ஏறி வாலிநோக்கம் போனார்கள். உப்பளத்தில், நடுப் பாத்தியில், தகப்பனாரோடு பலகையால் உப்பை இழுத்துச் சேர்த்துக்கொண்டு நின்றாராம் அந்தப் பிள்ளை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அய்யா அங்கேயே போய்ப் பேசினார்கள். அடுத்த ஆண்டு எழுதலாம், கட்டாயம் வரவேண்டும் என்றார்கள்.

தகப்பனார், "நீங்க இம்புட்டுத் தூரம் வந்து தப்பு எம்மேலன்னு சொன்னதே பெருசுங்க சார். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. அவகிட்ட கேளுங்க" என்றார்.

பிள்ளை பலகையைக் கீழே வைக்கவில்லை. "அடுத்த வருசம் எழுதலாங்கிறீக. அடுத்த வருசமும் எம்பேருல இன்னொருத்தி வந்தா என்ன சார் செய்வீக?"

அய்யா வரப்பில் இருந்த செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு வழக்கம் அடுத்து வந்த திங்கட்கிழமையில்தான் தொடங்கியது. வருகை எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வேண்டாம், அவரவர் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அய்யா உத்தரவு போட்டார்கள். பெயரைக் கூப்பிட்டால் "தங்கச்சிமடம்", "திருப்புல்லாணி", "பாம்பன்" என்று பதில் வர வேண்டும். பதிவேட்டிலும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரை எழுதினார்கள். "சாரு அட்டெண்டன்ஸ் எடுத்தா பஸ்ல கண்டக்டர் ஸ்டாப்பு சொல்ற மாதிரி இருக்குதுய்யா" என்று தமிழாசிரியர் கேலி செய்வார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இது என்ன புவியியல் வகுப்பா என்று கேட்டிருக்கிறார். அய்யா கேலிக்கும் அசையவில்லை, அதிகாரிக்கும் அசையவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் மற்ற வகுப்புகளிலும் அது பரவி, பள்ளியின் வழக்கமே ஆகிவிட்டது. ஏன் தொடங்கியது என்பது மட்டும் மறந்து போயிற்று.

அய்யா ஏழு சனிக்கிழமை வாலிநோக்கம் போனார்கள். ஏழாவது முறை நம்புசெல்வி அக்கா, "இனி வராதீக சார். நீங்க வாரப்ப எல்லாம் ஊரே வேடிக்க பாக்குது. நான் வரல" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். அத்தோடு அய்யா நிறுத்திக்கொண்டார்கள். அக்கா அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு எழுதவே இல்லை. ஆளாகி, கல்யாணமாகி, அதே ஊரில் அதே உப்பளத்துக்குப் போய் வந்தார். இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. அய்யா போட்ட கோடு ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியது. அது கடைசி வரை நின்றதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஜூன் மாதம், சேர்க்கை மேசையில் அய்யா உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து நின்றார். கையில் அண்ணன் மகளைப் பிடித்திருந்தார். வெடிப்பு விழுந்த கால்களைப் பார்த்து முதலில் யாரென்று தெரியவில்லையாம். நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் அய்யா எழுந்து நின்றுவிட்டார்கள்.

"உக்காருங்க சார். ஆறாப்புக்குச் சேக்கணும். எழுதுங்க."

அய்யா எழுதினார்கள்.

"எழுதுனத வாசிங்க சார்."

அய்யா பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் வாசித்தார்கள்.

"இன்னொருக்கா."

மறுபடியும் வாசித்தார்கள். மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த எழுத்தருக்குக் கோபமே வந்துவிட்டது. அய்யா கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, மூன்றாவது தடவை, கேட்காமலே வாசித்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் நம்புசெல்வி அக்கா வருவார். சில ஆண்டு இரண்டு பிள்ளைகள், சில ஆண்டு ஒரு வேன் நிறைய. உப்பளத்து வீடுகளில் ஏறி இறங்கி, பெண் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, விடுதியில் இடம் வாங்கி, சேர்த்துவிட்டுத்தான் போவார். ஒவ்வொரு பெயரையும் அய்யா எழுதியதும் "வாசிங்க சார்" என்பார். நம் பள்ளியின் சாதனைகளைப் பட்டியல் போட்டால் கரையோரப் பெண் பிள்ளைகள் இத்தனை பேர் படித்து வெளியேறியது அதில் முதலில் வர வேண்டும். அதில் பாதிப் பெருமை பள்ளிக்கு. மீதிப் பாதி, பள்ளி தேர்வு எழுத விடாத ஒரு பெண்ணுக்கு.

அவர் சேர்த்துவிட்ட அந்த அண்ணன் மகள் பிறகு மருத்துவம் படித்தார். பெயரைத் தலைமை ஆசிரியர் அறைப் பலகையில் எழுதினார்கள். அய்யா ஆசையாக அழைத்துப் போய்க் காட்டியபோது அக்கா பலகையைப் பார்த்துவிட்டு, "ஊரப் போடலையே சார்" என்றாராம். ஒரே வாரத்தில் பலகை முழுக்க அழித்து எழுதப்பட்டது. இன்றும் போய்ப் பாருங்கள், அந்தப் பலகையில் ஊர் இல்லாத பெயர் கிடையாது. ஆனால் அய்யாவை மன்னித்துவிட்டதாக அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை. அய்யாவும் கேட்கவில்லை. வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அய்யா ஓய்வு பெற்ற பிறகு, பள்ளியின் ஆண்டு விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதச் சொன்னார்கள். அய்யா இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார்கள். உப்புக் கொட்டகை, கருவேலங்காடு, கழிப்பறை எல்லாம் வந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தான் அடித்த பெயரைப் பற்றி எழுதியிருந்தார்கள். மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்து பணிவாகத்தான் கேட்டார்கள்.

"கொண்டாட்டத்துக்குப் போடுற மலரு சார். இந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டாமே. ஒங்க பேருக்கும் நல்லா இருக்காது."

அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி. அந்தப் பக்கத்த எடுத்துக்கங்க. அந்தப் பேரு இல்லாட்டி எம்பேரும் வேண்டாம், அதையும் எடுத்துருங்க" என்றார்கள். அந்த மலரில் பள்ளி வரலாறு எழுதியவர் பெயர் இல்லாமல்தான் அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழை என்று பலர் நினைத்தார்கள். எடுக்கப்பட்ட அந்தப் பக்கம் அய்யாவின் பெட்டியில் இருந்தது. நான் இன்று எழுதுவதில் பாதி அதிலிருந்துதான்.

கடைசி இரண்டு மாதம் அய்யாவுக்கு மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். தம்பி கத்தாரிலிருந்து வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் தனியாகத் தவித்த நாட்களில் நம்புசெல்வி அக்கா முதல் பேருந்தைப் பிடித்துக் கஞ்சியோடு வந்துவிடுவார். அய்யா பேசும் நிலையில் இல்லை. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். இரண்டு கட்டில் தள்ளி அய்யாவின் பெயரிலேயே இன்னொரு பெரியவர் படுத்திருந்தார். அது தெரிந்த அன்று அக்கா விறுவிறுவென்று செவிலியரிடம் போய்விட்டார்.

"தாயி, பேரு ஒண்ணுதான், ஆளு வேற. ஊரக் கேட்டுட்டு ஊசியப் போடு."

"நாங்க எப்பவும் கேட்டுத்தான் போடுவோம்க்கா" என்று அந்தப் பெண் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அய்யாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அய்யா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்கு நான்காம் நாள் காலையில் அய்யா போய்விட்டார்கள்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது பழைய மாணவர்கள் வரிசையில் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு, குனிந்து, "தங்கச்சிமடம், சார்" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் தன் ஊரைச் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்புசெல்வி அக்கா முறை வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அய்யாவின் வலது கையை, அந்தக் கோட்டைப் போட்ட கையை, இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நகர்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்த அன்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, ஒங்க பேரு ரெண்டு தடவ வருதுன்னு அய்யாகிட்டச் சொன்னது நான்."

"தெரியும்."

"அய்யா சொன்னாகளா?"

"சாரு சொல்வாரா? அன்னைக்கு அவரு மைக்குல பேசையில நீ அழுத அழுகையப் பாத்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

இத்தனை ஆண்டும் தெரிந்தே என்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறார். ஓராண்டு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா எம்பேர ஒழுங்கா எழுது" என்றார்.

அய்யா விட்டுப்போன ஒரே ஆசை அந்தப் பெயர் எங்காவது அச்சில் இருக்க வேண்டும் என்பதுதான். தேர்வுப் பட்டியலில் இல்லாமல் போனது, விழா மலரிலும் இல்லாமல் போனது. இதில் இருந்தாக வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டுரையை முடித்து, கடைசியில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலையும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அச்சகத்துக்காரர் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, ப்ரூஃப் அனுப்பியிருக்கேன் பாருங்க. இடம் பத்தலைன்னு நன்றில ஊர்ப் பேர எல்லாம் எடுத்துட்டேன். அப்புறம் ஒரே பேரு ரெண்டு தடவ வந்துருந்துச்சு. அதுலயும் ஒண்ண அடிச்சுட்டேன்."

ப்ரூஃபைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. எந்தப் பெயர் போயிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. ஆட்டோ பிடித்து அச்சகத்துக்குப் போய், அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் மேல் தவறு இல்லை. அய்யா செய்ததைத்தான் அவரும் செய்தார், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அடித்த பெயரை மறுபடியும் சேர்க்கச் சொன்னேன். ஊர்களையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்து முடித்ததும், "எழுதினத வாசிங்க தம்பி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

அய்யாவைத் தூக்கிச் சுமந்த தெருக்காரர்களுக்கும், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பந்தலிலிருந்து சாப்பாடு வரை முன்னின்று பார்த்த பெரியப்பா குடும்பத்தாருக்கும், அய்யாவின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அய்யாவின் கடைசி நாட்களில் மகளைப் போல உடனிருந்தவர், கா. நம்புசெல்வி, வாலிநோக்கம். பள்ளியின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து இந்தக் கட்டுரைக்கு உதவியவர், கா. நம்புசெல்வி, திருப்புல்லாணி.

படிக்கிறவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் இரண்டு பேர்.